எட்டு ஆண்டு தள்ளிப்போன காலாண்டுக் கணக்கு: பிரிட்டனின் டிஜிட்டல் வருமானவரித் திட்டம்

பிரிட்டனில் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் வருமானவரி கட்டும் முறை முப்பது வருடமாகப் பெரிதாக மாறவில்லை. 1996-97 வரியாண்டில் வந்த சுயமதிப்பீட்டு முறைதான் இன்றும் அடிப்படை. வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடியும். அடுத்த ஜனவரி 31க்குள் கணக்கை ஆன்லைனில் தாக்கல் செய்து, பாக்கி வரியையும் கட்டிவிட வேண்டும். இடையில் ஏறக்குறைய பத்து மாத அவகாசம். அந்தப் பத்து மாதத்தில் ஒன்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஜனவரி பிறந்ததும்தான் பழைய வங்கிக் கணக்குத் தாள்களும், வேனில் கிடந்த பெட்ரோல் ரசீதுகளும், ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சல்களும் தேடி எடுக்கப்படும். இருபது மாதத்துக்கு முன்பு 84 பவுண்டுக்கு என்ன வாங்கினோம் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

இதை மாற்றத்தான் ‘மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல்’ என்ற திட்டம். சுயதொழில் வரவும் வாடகை வரவும் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 பவுண்டைத் தாண்டுகிறவர்களுக்கு 2026 ஏப்ரல் 6 அதன் தொடக்க நாள். அன்று முதல் வரவு செலவை டிஜிட்டலாகப் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் தொகையை மென்பொருள் வழியாக வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு முடிந்ததும் இறுதிக் கணக்கையும் மென்பொருள் வழியாகவே தாக்கல் செய்ய வேண்டும். 2027 ஏப்ரலில் வரம்பு 30,000 ஆகக் குறைகிறது, 2028 ஏப்ரலில் 20,000 ஆகிறது. முதல் அலையில் மட்டும் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள் என்பது வரித்துறையான எச்எம்ஆர்சியின் கணக்கு.

முதலில் திட்டமிட்டபடி இது 2018இல் நடந்திருக்க வேண்டும். நான்கு முறை தேதி மாறி எட்டு வருடம் தள்ளிப்போயிற்று. அந்த எட்டு வருடத்தில் எது கழன்றது, எது மிஞ்சியது என்று பார்த்தால் திட்டத்தின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன. கணக்கை அவ்வப்போது எழுத வைப்பது நல்ல நோக்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் காலாண்டுக்கு ஒருமுறை வரித்துறைக்கு அனுப்பச் சொல்லும் பகுதி ஏன் தேவை என்பதற்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை. வரித்துறை ஒவ்வொரு முறை விட்டுக்கொடுத்தபோதும் அந்தப் பகுதிதான் மெலிந்திருக்கிறது.

அறிவிப்பும் காரணமும்

2015 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஆண்டுக்கொருமுறை நிரப்பும் வரிப் படிவத்துக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிட்டல் வரிக் கணக்கு இருக்கும், விவரங்கள் தானாக அதில் சேரும், படிவம் என்ற ஒன்றே தேவைப்படாது என்பதுதான் அன்று சொன்னது. கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. அந்த ஆண்டு இறுதியில் விவரங்கள் வெளியானபோதுதான், ஒரு படிவம் போய் நான்கு வரப்போகிறது என்று தெரிந்தது.

வரித்துறையின் தரப்பில் நியாயம் இருக்கிறது. வரவேண்டிய வரிக்கும் வந்து சேர்ந்த வரிக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுதோறும் அவர்கள் மதிப்பிட்டு வெளியிடுகிறார்கள். 2023-24க்கு 2025இல் வெளியிட்ட மதிப்பீடு 4,680 கோடி பவுண்ட், மொத்தத்தில் 5.3 சதவீதம். அதில் 60 சதவீதம் சிறுதொழில்கள் பக்கம். வேண்டுமென்றே ஏய்ப்பது ஒரு பகுதிதான். கவனக்குறைவும் சாதாரணத் தவறும் அதில் கணிசமாக இருக்கின்றன. ஜனவரியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கில் தவறு வராமல் இருக்காது. அன்றன்றே எழுதினால் குறையும். இவ்வளவும் சரி.

சிக்கல் அடுத்த படியில். அன்றன்று எழுதுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவதும் வெவ்வேறு காரியங்கள். தவறைக் குறைப்பது முதலாவது. இரண்டாவது, முதலாவதைச் செய்தே ஆகவேண்டும் என்று நெருக்கும் கெடு மட்டும்தான். அந்த நெருக்கடிக்குக் கொடுக்கும் விலை தகுமா என்பதுதான் பத்து வருடமாக நடக்கும் வாதம்.

முதல் சறுக்கல்

சுயதொழில் செய்கிறவர்களை வருடத்துக்கு நான்கு ரிட்டர்ன் போட வைக்காதே என்ற கோரிக்கை மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அதனால் 2016 ஜனவரி 25 அன்று நாடாளுமன்றத்தில் அது விவாதத்துக்கு வந்தது. சிறுதொழில் கூட்டமைப்பான எஃப்எஸ்பி, ஒரு தொழிலுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,770 பவுண்ட் செலவாகும் என்று மதிப்பிட்டது. வரித்துறையோ மாறிக்கொள்ளும் செலவு சராசரியாக 280 பவுண்ட்தான் என்றது. ஒரே திட்டத்துக்கு ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசத்தில் இரண்டு கணக்கு! இரண்டு பக்கமும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் இவ்வளவு தூரம் விலகியிருக்கும் எண்களை வைத்துக்கொண்டு சட்டம் போடக்கூடாது என்பதை எதிர்ப்பாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்தின் கருவூலக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ டைரியும், மேலவையின் பொருளாதாரக் குழுவும், அவசரம் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

2017 மார்ச்சில் நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் சிறியவர்களுக்கு ஒரு வருடம் தள்ளிவைத்தார். அடுத்து திடீர்த் தேர்தல் வந்தது. நிதி மசோதாவிலிருந்து இந்தப் பிரிவுகள் கழற்றப்பட்டன. தேர்தல் முடிந்து 2017 ஜூலை 13 அன்று அமைச்சர் மெல் ஸ்ட்ரைட், முதலில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரிக்கு மட்டும் கொண்டுவருவோம், வருமானவரி பிறகு என்று அறிவித்தார்.

அது நல்ல முடிவு. வாட் 2019 ஏப்ரலில் 85,000 பவுண்ட் வரம்புக்கு மேலுள்ளவர்களுக்கும், 2022 ஏப்ரலில் வாட் பதிவு செய்த எல்லோருக்கும் வந்தது. முணுமுணுப்பு இருந்தது, ஆனால் நிலைத்துவிட்டது. கூடுதல் வரி வந்ததாக வரித்துறையின் ஆய்வும் சொன்னது. வருமானவரிக்கும் இதே பலன் கிடைக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்தார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. வாட் கணக்கைப் பெரும்பாலோர் முன்பே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் நிரப்ப ஒன்பது கட்டம்தான், பழகிய வேலை, அனுப்பும் வழி மட்டும் மாறியது. இன்னொன்று, வாட் காலாண்டுக் கணக்கில் இருக்கும் தொகைதான் அப்போதே கட்டவேண்டிய வரி. தவறினால் உடனே பணத்தில் தெரியும். வருமானவரிக் காலாண்டு அறிக்கையை வைத்து ஒரு பைசா வரியும் கட்டப்போவதில்லை. மூன்று மாத வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்ற தகவல் போய்ச் சேரும், அவ்வளவுதான். அதைச் சரிபார்த்து யாரும் பதில் போடப்போவதும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மாதிரி எடைபோட முடியாது.

மூன்று தேதிகள், ஒரு பக்கவிளைவு

2020 ஜூலையில் புதுத் தேதி வந்தது: 2023 ஏப்ரல், வரம்பு வெறும் 10,000 பவுண்ட். மாதம் 850 பவுண்ட் வாடகைக்கு ஒரே ஒரு ஃப்ளாட்டை விட்டிருப்பவரும் அதில் அடங்குவார். 2021 செப்டம்பரில் அது 2024 ஏப்ரலுக்கு மாறியது. 2022 டிசம்பர் 19 அன்று, தொடங்க 16 மாதமே இருக்கும்போது, 2026க்குப் போனது. வரம்பும் 50,000க்கு ஏறியது.

இந்தத் தள்ளிவைப்புகளில் அதிகம் பேசப்படாத ஒரு பாதிப்பு உண்டு. காலாண்டு அறிக்கைக்கு எல்லோருடைய ஆண்டும் வரியாண்டோடு ஒத்துப்போக வேண்டும். அதற்காக, தொழிலின் கணக்காண்டு எப்போது முடிந்தாலும் லாபத்தை ஏப்ரல் 5 வரைக்கும் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். மூலத் திட்டம் தள்ளிப்போனது. துணை மாற்றம் மட்டும் குறித்தபடி நடந்துவிட்டது. 2023-24 இடைமாற்ற ஆண்டு. ஏப்ரல் 30இல் கணக்கு முடிக்கும் ஒருவர் 2022 மே 1 முதல் 2024 ஏப்ரல் 5 வரை 23 மாத லாபத்தை ஒரே ஆண்டில் காட்ட வேண்டி வந்தது. தொழில் தொடங்கியபோது இருமுறை வரி கட்டிய லாபத்துக்கான பழைய கழிவு உண்டு, கூடுதல் லாபத்தை ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஆனாலும் வராத திட்டத்துக்காக அவர்கள் முன்கூட்டியே சிரமப்பட்டார்கள் என்பது மாறாது.

ஏன் இத்தனை தாமதம்? 2023 ஜூனில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது. சுயமதிப்பீட்டு விவரங்கள் பழைய கணினி அமைப்புகளில் இருந்தன. லட்சக்கணக்கான கணக்குகளைப் புது அமைப்புக்கு மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை வரித்துறை குறைத்து மதிப்பிட்டிருந்தது. திட்டச் செலவு 130 கோடி பவுண்டை எட்டியது, விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் 2016 மதிப்பீட்டைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதைவிட என்னை உறுத்திய விஷயம் வேறு. திட்டத்தின் செலவையும் பலனையும் ஒப்பிட்டு அதை நியாயப்படுத்த 2022இல் தயாரித்த அறிக்கையில், வரி கட்டுகிறவர்கள் தொடக்கத்தில் போடவேண்டிய 150 கோடி பவுண்ட் செலவு சேர்க்கப்படவே இல்லை. அரசின் செலவையும் அரசுக்கு வரும் பலனையும் எதிரெதிரே எழுதிவிட்டு, மென்பொருள் வாங்கப்போகிறவரின் செலவை விட்டுவிட்டால் எந்தத் திட்டமும் லாபமாகத்தான் தெரியும். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் 2023இல் இதைக் கடுமையாகச் சொன்னது.

எதிர்ப்பால் கிடைத்தது

2023 நவம்பரில் அரசு அறிவித்த மாற்றங்கள்தான் இப்போதுள்ள வடிவத்துக்கு அடித்தளம். பழைய வடிவில் ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு காலாண்டு அறிக்கை, அதன் மேல் ஆண்டு முடிவு அறிக்கை ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து இறுதி உறுதிமொழி ஒன்று. அந்த ஆண்டு முடிவு அறிக்கையை எடுத்துவிட்டார்கள். காலாண்டு அறிக்கை இப்போது கூட்டுத்தொகையாகப் போகிறது. அதாவது இரண்டாவது அறிக்கையில் ஆறு மாதத்துக்கும் சேர்த்த தொகை இருக்கும். முதல் காலாண்டில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தனியாகத் திருத்தம் போட வேண்டியதில்லை, அடுத்ததில் தானாகச் சரியாகிவிடும். சிறிய மாற்றம்தான், வேலையைப் பாதியாக்குகிறது.

90,000 பவுண்டுக்குள் வரவு இருப்பவர்கள் செலவை எரிபொருள், கருவி, காப்பீடு என்று வகை பிரிக்க வேண்டாம், மொத்த வரவு, மொத்த செலவு என்று காட்டினால் போதும். கடை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு விற்பனையையும் பதிய வேண்டாம், அன்றைய மொத்த வசூலை ஒரே தொகையாக எழுதலாம். வீட்டைக் கூட்டாக வைத்திருப்பவர்கள் காலாண்டில் வாடகையை மட்டும் காட்டிவிட்டுச் செலவை ஆண்டு முடிவில் காட்டலாம். 2025 நவம்பர் பட்ஜெட்டில் இன்னொரு தளர்வும் வந்தது: முதல் ஆண்டான 2026-27இல் கட்டாயமாகச் சேர்கிறவர்களின் காலாண்டு அறிக்கை தாமதமானால் தண்டப் புள்ளி கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு புள்ளி, நான்கு சேர்ந்தால் 200 பவுண்ட் அபராதம்.

இவை எல்லாம் நல்ல மாற்றங்கள். சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். செலவைச் சொல்ல வேண்டாம், வகை பிரிக்க வேண்டாம், தவறு இருந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், முதல் வருடம் தாமதித்தாலும் பரவாயில்லை. இவ்வளவு இல்லாமலேயே வரித்துறையால் இருக்க முடிகிறது என்றால், அந்த அறிக்கைக்கு அவர்களிடம் உண்மையில் என்ன பயன்? கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு எலக்ட்ரீஷியனை எடுத்துக்கொள்வோம். கட்டடங்களில் துணை ஒப்பந்த வேலை செய்கிறார். ஆண்டு வரவு 34,000 பவுண்ட், எல்லாம் கூலி. சிஐஎஸ் என்ற கட்டுமானத் தொழில் திட்டப்படி ஒப்பந்தக்காரர் 20 சதவீதம் பிடித்துக்கொண்டு வரித்துறைக்குக் கட்டிவிடுவார். எலக்ட்ரீஷியன் கைக்கு வருவது 27,200. அவர் பெயரில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது, ஏஜென்ட் மூலம் மாதம் 1,500க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஏஜென்டின் மாதக் கணக்குத் தாளில் இப்படி இருக்கும்: வாடகை 1,500, கமிஷன் 10 சதவீதம் 150, அதற்கு வாட் 30, உரிமையாளருக்கு அனுப்பியது 1,320.

வங்கியை மட்டும் பார்த்தால் அவருடைய வரவு 27,200, கூட ஃப்ளாட்டிலிருந்து ஆண்டுக்கு 15,840, மொத்தம் 43,040. ‘நான் 50,000க்குக் கீழேதான்’ என்று நினைத்துவிடுவார். அது தவறு. வரம்புக்கு எடுத்துக்கொள்வது எந்தக் கழிவும் போகாத மொத்த வரவு: 34,000, வாடகை 18,000, ஆக 52,000. முதல் அலையிலேயே வந்துவிட்டார். சிஐஎஸ் பிடித்தம் ஏற்கெனவே கட்டிய வரி, கமிஷன் ஒரு செலவு, இரண்டும் வரவைக் குறைக்காது. கணக்காளர்களிடம் வரும் தவறுகளில் இந்த ஏஜென்ட் தாள் தவறு மிகச் சாதாரணமானது. வங்கி வரவை மென்பொருளோடு இணைத்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்பார்கள். தானாக நடக்கும்போது 1,320 என்றுதான் பதிவாகும். அதை 1,500 வரவாகவும் 180 செலவாகவும் ஒருவர் உட்கார்ந்து பிரித்தாக வேண்டும்.

இனி இவருடைய உண்மையான நிலைமை. வேன், பெட்ரோல், கருவி, காப்பீடு எல்லாம் 9,000 போனால் தொழிலில் மிஞ்சுவது 25,000. ஃப்ளாட்டில் கமிஷன் 2,160, பராமரிப்பும் சர்வீஸ் சார்ஜும் 3,840 கழிந்தால் 12,000. வீட்டுக்கடன் வட்டி 9,000 என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பு வீடுகளுக்கு அந்த வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, 20 சதவீத வரிச் சலுகையாகத்தான் கிடைக்கும். ஆக வீட்டில் கையில் நிற்பது 3,000. எல்லாம் சேர்த்து, வரி போகுமுன் ஆண்டுக்கு 28,000 பவுண்டில் குடும்பம் நடத்துகிற மனிதர் இவர். ஒன்றரை லட்சம் பவுண்ட் சம்பளம் வாங்கும், தொழிலோ வாடகையோ இல்லாத ஒருவருக்கு இந்தத் திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வரம்பை லாபத்தில் வைக்காமல் மொத்த வரவில் வைத்ததன் விளைவு இது. வரித்துறைக்கு அது கணக்கிடச் சுலபம் என்பதைத் தவிர இதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே ஃப்ளாட் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாதிப்பாதியாக இருந்தால் கதையே வேறு. அவருடைய பங்கு வாடகை 9,000 மட்டும், மொத்தம் 43,000, எனவே 2027 ஏப்ரலில்தான் வருவார். மனைவிக்கு வேறு தொழில் இல்லையென்றால் அவர் வரவேமாட்டார். பிறரோடு பங்காளியாக நடத்தும் கூட்டுத்தொழிலில் வரும் பங்கும் இந்த வரம்பில் சேராது. சம்பளமும் ஓய்வூதியமும் சேராது.

எத்தனை அறிக்கை? தொழிலுக்கு நான்கு, பிரிட்டனில் உள்ள வீட்டுக்கு நான்கு, ஆண்டு இறுதிக்கு ஒன்று. எத்தனை வீடு இருந்தாலும் பிரிட்டன் வீடுகள் எல்லாம் ஒரே கணக்கு. ஆனால் வெளிநாட்டில் உள்ள வீடு தனிக் கணக்கு. லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள வீட்டின் வாடகை ஊர் வங்கியிலேயே கிடந்தாலும், பிரிட்டனில் வசிப்பவரின் வருமானம்தான். புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு வெளிநாட்டு வருமானத்தில் உள்ள நான்கு வருட வரிச் சலுகை தனி. அந்த வாடகையும் வரம்பில் சேரும், அதற்கும் நான்கு காலாண்டு அறிக்கை தனியாகப் போகும். ரூபாயைப் பவுண்டாக்க வேண்டும். அங்கே கட்டிய வரிக்கான கழிவு ஆண்டு இறுதியில்தான் தீரும். நம் எலக்ட்ரீஷியனுக்கு ஊரிலும் ஒரு வீடு வாடகையில் இருந்தால், ஒன்றாக இருந்தது பதின்மூன்று ஆகிறது.

காலாண்டு ஜூலை 5, அக்டோபர் 5, ஜனவரி 5, ஏப்ரல் 5 தேதிகளில் முடிகிறது. அனுப்பக் கடைசி நாள் ஆகஸ்ட் 7, நவம்பர் 7, பிப்ரவரி 7, மே 7. மாதக் கடைசியில் முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஜூன் 30, செப்டம்பர் 30 என்று வைத்துக்கொள்ளலாம், கடைசி நாள் மாறாது. பணம் கட்டும் நாளும் மாறவில்லை: ஜனவரி 31, முன்பணம் கட்டுகிறவர்களுக்கு ஜூலை 31. காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 மார்ச்சில், வரியை இன்னும் முன்னதாக வாங்கலாமா என்று அரசு கருத்துக் கேட்டிருந்தது. தகவல் காலாண்டுக்கு ஒருமுறை வரத் தொடங்கிவிட்டால் பணத்தையும் அப்படியே கேட்பது சுலபம் என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை.

இவருக்கு இதில் ஏதாவது நன்மை உண்டா? ஒன்று உண்டு. ரசீது அன்றே பதிவாகிவிட்டால் ஜனவரியில் மறந்துபோகும் செலவுகள் குறையும், அது அவருக்கே லாபம். சிஐஎஸ் பிடித்தம் அதிகமாகப் போயிருந்தால் அதைத் திரும்பப் பெற மட்டும் ஆண்டு இறுதிக் கணக்கு வரை காத்திருக்கத்தான் வேண்டும். காலாண்டு அறிக்கையால் ஒரு மாதம்கூட முன்னால் வராது. காலாண்டுக்கு ஒருமுறை பிடித்தத்தைச் சரிபார்த்து மிகுதியைத் திருப்பித் தந்திருந்தால் கட்டடத் தொழிலாளர்களில் பாதிப்பேர் இந்தத் திட்டத்தை ஆதரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மென்பொருள், விலக்கு, கணக்காளர்

வரித்துறை தானே ஒரு மென்பொருள் தரவில்லை. இதுவரை அதன் தளத்தில் இலவசமாகத் தாக்கல் செய்தவர்கள் இனித் தனியார் மென்பொருளைத்தான் எடுக்க வேண்டும். இலவசமானவை சில உண்டு, எளிய கணக்குக்கு அவை போதும். எக்ஸெலில் எழுதிப் பழகியவர்கள் அதையே தொடரலாம், அனுப்புவதற்கு மட்டும் ஒரு இணைப்பு மென்பொருள் வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்று மென்பொருள் விளம்பரங்களைப் பார்த்துப் பலர் நம்புகிறார்கள். சட்டம் கேட்பது தொகை, தேதி, வகை ஆகியவற்றின் டிஜிட்டல் பதிவு மட்டும்தான். தாள் ரசீது தாளாகவே இருக்கலாம்.

வயது, உடல்நிலை, வசிக்கும் இடம், மத நம்பிக்கை ஆகிய காரணங்களால் கணினி பயன்படுத்த இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். போனிலோ கடிதத்திலோ விண்ணப்பிக்கலாம். பழக்கமில்லை, செலவாகிறது, கணக்கு ரொம்பச் சின்னது என்ற காரணங்கள் ஏற்கப்படுவதில்லை. இது கடுமை என்று நினைக்கிறேன். எழுபது வயதில் ஒரு வீட்டு வாடகையை வைத்து வாழ்கிற, போனில் வாட்ஸ்அப் பார்க்கத் தெரிந்த ஒருவரை ‘இயலாதவர்’ என்று சொல்ல முடியாது. மென்பொருளில் வரவு செலவைப் பதிவு செய்து அனுப்ப அவரால் ஆகுமா என்றால் அதுவும் கஷ்டம். அவர் கணக்காளரிடம்தான் போவார். வருடத்துக்கு ஒருமுறை போனவர் இனி நான்கைந்து முறை போக வேண்டும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ஜனவரி நெரிசல் குறையும் என்று எதிர்பார்த்த கணக்காளர்களுக்கும் ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே என்று நான்கு புது நெரிசல். அதிலும் பிப்ரவரி 7, ஜனவரி 31 முடிந்த ஏழாம் நாள். அந்தத் தேதியை யோசித்து வைத்தவர்கள் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ஒரு ஜனவரியாவது உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

இனி என்ன

30,000 வரம்பில் வருகிறவர்களுக்கு 2025-26 ரிட்டர்னில் உள்ள மொத்த வரவுதான் அளவுகோல். அது 2027 ஜனவரி 31க்குள் போக வேண்டிய கணக்கு. அதை நிரப்பும்போதே கழிவுக்கு முந்தைய தொகையைப் பார்த்துக்கொள்வது நல்லது. வரம்பைத் தாண்டியிருந்தால் தாமாகவோ கணக்காளர் வழியாகவோ பதிவு செய்துகொள்ள வேண்டும், யாரும் தானாகச் சேர்த்துவிட மாட்டார்கள். ஒருமுறை உள்ளே வந்தவர் தொடர்ந்து மூன்று ஆண்டு வரம்புக்குக் கீழே இருந்தால்தான் வெளியே வரலாம்.

அரசு யோசிக்க வேண்டிய தேதி வேறு. முதல் அலையின் முதல் முழுக் கணக்கு, அதாவது 2026-27க்கான இறுதிக் கணக்கு, 2028 ஜனவரி 31 வரை வரலாம். இரண்டாம் அலை அதற்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்கியிருக்கும். 20,000 வரம்புக்கான மூன்றாம் அலை 2028 ஏப்ரல் 6. இந்தத் திட்டத்தால் வருமானவரிக் கணக்கில் தவறு குறைந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு முழு ஆண்டின் ஆதாரம் கையில் கிடைத்து, இரண்டு மாதம் ஆறு நாளில், செலவுபோக மிகச் சொற்பமே மிஞ்சுகிறவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். எட்டு வருடம் காத்திருந்த திட்டம் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கலாம். அந்த ஒரு வருடத்தில் வரித்துறை பிரித்துக் காட்டட்டும்: டிஜிட்டல் பதிவால் மட்டும் எவ்வளவு தவறு குறைந்தது, காலாண்டு அறிக்கையால் கூடுதலாக எவ்வளவு குறைந்தது. இரண்டாவது எண் சிறியதாக இருந்தால், 20,000 வரம்பில் வருகிறவர்களுக்குப் பதிவை மட்டும் கட்டாயமாக்கிவிட்டுக் காலாண்டு அறிக்கையை விட்டுவிடலாம்.